காற்று மாசைக் குறைக்க நாம் அன்றாடம் செய்யக்கூடியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்று மாசைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்பவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். எதைச் செய்தால் உண்மையிலேயே பயன் உண்டு, எது வெறும் மனநிறைவு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தவிப்பவர்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. முன்பே சொன்னது மீண்டும் தேவைப்படும் இடங்களில் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. காற்று மாசு என்றால் சரியாக எது? கண்ணுக்குப் புகை தெரிந்தால்தான் மாசா?

கண்ணுக்குத் தெரியும் புகையும் தூசியும் மாசின் ஒரு பகுதி மட்டுமே. உடலுக்கு மிகுந்த கேடு செய்பவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள நுண்துகள்கள்; பிஎம் 2.5 என்று குறிப்பிடப்படுபவை இவைதான். ஒரு தலைமுடியின் தடிமன் இவற்றைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன; இந்த நுண்துகள்களோ நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடுகின்றன, அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்தில் கலக்கின்றன. அதனால்தான் காற்று மாசின் விளைவு இருமலோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் வரை நீள்கிறது. இவற்றோடு நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, தரைமட்ட ஓசோன் ஆகிய வாயுக்களும் சேர்கின்றன.

பிஎம் 2.5 துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 2005இல் அறிவுறுத்திய உலக சுகாதார நிறுவனம், 2021இல் அந்த அளவை 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. உலக மக்களில் 99 சதவீதத்தினர் அந்நிறுவனம் வகுத்த அளவுகளைவிட மோசமான காற்றையே சுவாசிக்கிறார்கள். எனவே வானம் தெளிவாகத் தெரிவதை மட்டும் வைத்துக் காற்று தூய்மையானது என்று முடிவுகட்ட இயலாது.

2. தொழிற்சாலைகளும் மின்நிலையங்களும் புகை கக்கும்போது, நான் ஒருவர் மாறி என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்விதான் மிக அதிகமாகக் கேட்கப்படுகிறது, இதற்குப் பின்னால் ஒரு தவறான கணக்கும் இருக்கிறது. எத்தனை டன் புகை வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்தால் தனிமனிதரின் பங்கு மிகச் சிறியதாகவே தோன்றும். ஆனால் உடலைத் தாக்குவது வெளியேறிய புகை முழுவதும் அன்று. அதில் மூச்சுக்குள் போன பகுதிதான். உயரமான புகைபோக்கியிலிருந்து வெளிவரும் ஒரு கிராம் புகை, தரைக்கு வந்து சேர்வதற்குள் பெருமளவு காற்றில் கலந்து நீர்த்துப்போகிறது. அதே ஒரு கிராம் புகை வீட்டு முற்றத்திலோ தெரு முனையிலோ மனிதர்கள் நிற்கும் உயரத்திலேயே வெளிவந்தால், அதில் மூச்சுக்குள் போகும் பங்கு பல மடங்கு கூடிவிடும். அடைத்த அறைக்குள் என்றால் இன்னும் பல மடங்கு.

வீட்டுப் புகை எவ்வளவு கனமானது என்பதற்கு அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் நல்ல சான்று. அங்கே குளிர்காய மூட்டும் வீட்டுக் கணப்புகளில் எரிந்துவந்த புகை மிகுந்த நிலக்கரியின் விற்பனை 1990 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. அதன்பின் அந்நகரக் காற்றில் கரும்புகையின் சராசரி அளவு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. மாற்றத்தைக் கொண்டுவந்தது சட்டம். ஆனால் அது குறைத்தது வீடுகளின் புகையை. இந்த இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

3. அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

எரிவதிலிருந்து. அன்றாட வாழ்வில் நாம் உண்டாக்கும் காற்று மாசில் பெரும்பகுதி, ஏதோ ஒன்றை எரிப்பதால் வருவதுதான். எரிக்கும் ஒவ்வொன்றையும் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எரிக்கத்தான் வேண்டுமா? எரிகிறதென்றால் முழுமையாக எரிகிறதா? யாருடைய மூச்சுக்கு அருகில் எரிகிறது? மூன்றாவது கேள்விக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். வீட்டுக்குள் எரிவதை முதலிலும், முற்றத்தில் எரிவதை அடுத்தும், தெருவில் எரிவதை அதற்குப் பின்னும், தொலைவிலிருக்கும் மின்நிலையத்தில் நமக்காக எரிவதை அதற்கும் பின்னும் கவனித்தால், ஒரே முயற்சிக்கு அதிகப் பயன் கிடைக்கும். கீழுள்ள கேள்விகளும் ஏறத்தாழ அந்த வரிசையிலேயே செல்கின்றன.

4. வீட்டுக்குள் அப்படி என்ன எரிகிறது? நாங்கள் அடுப்பைத் தவிர எதையும் பற்றவைப்பதில்லையே.

சிகரெட், கொசுவர்த்திச் சுருள், மெழுகுவத்தி, நறுமணத்துக்காகக் கொளுத்தப்படும் குச்சிகள் ஆகிய எல்லாமே எரிபவைதான். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியேறும் பிஎம் 2.5 துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, குழந்தைகள் உறங்கும் அறையில் இரவு முழுவதும் எரிவது அதுதான். கொசுவலையும் சன்னல் வலையும் அதே வேலையைப் புகையில்லாமல் செய்கின்றன. இந்த ஒரு மாற்றம் ஊர்க் காற்றின் சராசரியை அசைக்காது. ஆனால் அந்த அறையில் உறங்குபவரின் மூச்சில் உடனே மாற்றம் தெரியும்.

5. எரிவாயு அடுப்பு சுத்தமானதுதானே? அதற்கும் புகைவிசிறி தேவையா?

விறகு, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் எரிவாயு மிகவும் தூய்மையானது. மற்றவற்றிலிருந்து எரிவாயுவுக்கு மாறியவர்கள் பெரிய நன்மையைச் செய்திருக்கிறார்கள். ஆயினும் அதன் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வெளிவருகிறது, சூடான எண்ணெயில் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் நுண்துகள்கள் எழுகின்றன. சமைக்கத் தொடங்கும்போதே விசிறியைப் போட்டு, முடித்த பிறகும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. அந்த விசிறி காற்றை வெளியே தள்ள வேண்டும். வடிகட்டி மறுபடியும் அறைக்குள்ளேயே விடும் வகை, வாயுக்களை அகற்றுவதில் பெரிதும் உதவாது.

சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், பர்னரில் அடைப்பு இருக்கிறது, அதாவது எரிவாயு முழுமையாக எரியவில்லை என்று பொருள். அதைச் சுத்தம் செய்யுங்கள். மின்தூண்டல் அடுப்புக்கு மாற வசதி இருப்பவர்களின் சமையலறையில் சுடரால் வரும் வாயு அறவே இராது. வறுக்கும்போது எழும் துகள் மட்டும் இருக்கும்.

6. விறகு இயற்கையானது. அதன் புகை டீசல் புகையைவிட மேல் இல்லையா?

நுரையீரல் புகையின் பிறப்பிடத்தைப் பார்ப்பதில்லை. விறகுப் புகையிலும் நுண்துகள்கள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன் ஆகியவை இருக்கின்றன. உலகில் ஏறத்தாழ 210 கோடிப் பேர் திறந்த தீயிலோ புகை மிகுந்த அடுப்புகளிலோ சமைக்கிறார்கள் என்றும், வீட்டுக்குள் சேரும் அந்த மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பருகே அதிக நேரம் இருக்கும் பெண்களையும் சிறு குழந்தைகளையுமே இது மிகுதியாகப் பாதிக்கிறது.

வேறு வழியில்லாமல் விறகை எரிப்பவர்களும் புகையை வெகுவாகக் குறைக்க முடியும். பச்சை விறகை அடுப்பில் வைத்து அதன் மறுமுனையைக் கவனித்துப் பாருங்கள்: நீர் நுரைத்துக்கொண்டு வெளியே வரும், உஸ்ஸென்ற ஓசை கேட்கும். தீயின் வெப்பமெல்லாம் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாவதால், விறகிலிருந்து எழும் வாயுக்கள் எரிவதற்குப் போதிய சூடு கிடைக்காமல் புகையாகவே வெளியேறுகின்றன. நன்றாகக் காய்ந்த விறகின் முனையில் வெடிப்புகள் இருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று ஒலிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. விறகைச் சிறிதாகப் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாகப் பல மாதங்கள் அடுக்கிவைப்பதும், புகைபோக்கி உள்ள அடுப்பைப் பயன்படுத்துவதும், பாத்திரத்தை மூடிச் சமைப்பதும், முடிந்தால் வெளியில் சமைப்பதும் ஒவ்வொன்றும் பலன் தரும்.

7. நான் எரிப்பது காய்ந்த இலையும் காகிதமும்தான், பிளாஸ்டிக் இல்லை. அதிலும் தீங்கு உண்டா?

உண்டு. குவித்துவைத்த சருகுக்குள் காற்று எளிதில் புகுவதில்லை. மேலே சுடர் தெரிந்தாலும் உள்ளே போதிய காற்றும் சூடும் இல்லாமல் மணிக்கணக்கில் கனிந்துகொண்டே இருக்கும். இப்படி அரைகுறையாக எரிவதுதான் அடர்ந்த புகைக்குக் காரணம். அந்தப் புகை மேலெழவும் வலுவில்லாமல் தரையை ஒட்டியே பரவி, அக்கம்பக்கத்துச் சன்னல்களுக்குள் நுழைகிறது.

பிளாஸ்டிக் கலந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. குறிப்பாகப் பிவிசி போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக்குகள் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின்களும் உருவாகின்றன; டயாக்சின்கள் உடலின் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும். வண்ணம் பூசிய மரத்துண்டுகள், ரப்பர், மின்கம்பிகள் ஆகியவற்றை எந்த நிலையிலும் எரிக்கக் கூடாது. சருகை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பிவிடலாம். அல்லது இரண்டு மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு காய்கறிக் கழிவு என்ற அளவில் கலந்து, பிழிந்த துணியின் ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் உரமாகிவிடும்.

8. எங்கள் பகுதியில் குப்பை எடுக்க யாருமே வருவதில்லை. எரிக்காமல் என்னதான் செய்வது?

இது நியாயமான கேள்வி. குப்பை சேகரிப்பு இல்லாத இடத்தில் எரிப்பவர்மீது மட்டும் பழிபோடுவது முறையாகாது. ஆனாலும் பிரித்துவைத்தால் சிக்கல் சுருங்கும். ஈரக் கழிவு மேலே சொன்ன உரக்குழிக்குப் போய்விடும். கண்ணாடி, உலோகம், காய்ந்த அட்டை, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக் ஆகியவை அழுகுவதில்லை, நாறுவதில்லை. மூட்டையாகக் கட்டிவைத்துப் பழைய பொருள் வாங்குபவரிடமோ அருகிலுள்ள சேகரிப்பு மையத்திலோ எப்போதாவது ஒருமுறை சேர்த்தால் போதும். வீட்டில் நாற்றமெடுத்து நம்மை எரிக்கத் தூண்டுவது பெரும்பாலும் ஈரமும் உலர்ந்ததும் கலந்த குப்பைதான்.

மிச்சமிருப்பவற்றுக்குத் தனி ஒருவரால் தீர்வு காண முடியாது. தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் கேட்பதே வழி. தனித்தனியாகப் புகார் சொல்வதைவிட, பிரித்த குப்பை தயாராக இருக்கிறது, எடுத்துச்செல்ல வண்டிதான் வேண்டும் என்று கேட்கும்போது மறுப்பது கடினம்.

9. ஒரு கிலோமீட்டர் தூரம்தான். அதற்கு வண்டி எடுத்தால் எவ்வளவு புகை வந்துவிடும்?

தூரத்தைப் பார்த்து நினைப்பதைவிட அதிகம். இக்காலப் பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி என்ற ஒரு கருவி உண்டு. உள்ளே தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் நச்சுவாயுக்கள் அந்தப் பரப்பில் பட்டுப் பெருமளவு தீங்கு குறைந்தவையாக மாறுகின்றன. ஆனால் அந்தப் பூச்சு ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் சரியாக வேலை செய்யும். ஆறிக்கிடந்த வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில், புகை ஏறத்தாழ அப்படியே வெளியேறுகிறது. குளிர்ந்த எஞ்சின் எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கிறது. ஒரு கிலோமீட்டர் பயணம் கருவி சூடேறுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஆகவே நடையாலோ மிதிவண்டியாலோ மாற்றிக்கொள்ள மிகவும் ஏற்றவை இந்தக் குறும்பயணங்களே. வண்டி எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று என்று தனித்தனியாகக் கிளம்பாமல், வேலைகளை ஒரே சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணங்களுக்குப் பேருந்தும் தொடர்வண்டியும் இருக்கும் இடங்களில் அவற்றுக்கு மாறுவது அதைவிடப் பெரிய மாற்றம்.

10. சிக்னலில் எஞ்சினை அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அதிகப் புகை வராதா?

சூடாக இருக்கும் எஞ்சினுக்கு அந்தக் கவலை வேண்டாம். 10 விநாடிகளுக்கு மேல் நிற்க நேர்ந்தால், ஓடவிடுவதைவிட அணைத்து மீண்டும் கிளப்புவதற்கே குறைந்த எரிபொருள் போதும். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பவர்கள் இதை முதலில் கடைப்பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கேட்கிறேன். அங்கே வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளின் புகைக்குழாய்கள் குழந்தைகளின் முகத்துக்கு மிக அருகிலான உயரத்தில் இருக்கின்றன.

11. நடந்தால், மிதிவண்டியில் போனால், நான்தானே எல்லாப் புகையையும் சுவாசிக்கிறேன்? காருக்குள் இருந்தால் தப்பிக்கலாமே?

நெரிசலில் முன்வண்டியின் புகை காருக்குள் இழுக்கப்படுவதால், காருக்குள் இருக்கும் காற்று பல நேரங்களில் நடைபாதையில் இருப்பதைவிட மோசமாக இருக்கிறது. மிதிவண்டி ஓட்டுபவர் கூடுதலாக மூச்சு வாங்குவது உண்மைதான். ஆனால் உடற்பயிற்சியின் நன்மை அதை ஈடுசெய்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கீட்டின்படி, பிஎம் 2.5 அளவு 100 மைக்ரோகிராம் என்ற மிக மோசமான நிலையில்கூட, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதிவண்டி ஓட்டினால்தான், அல்லது 10 மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான், தீமை நன்மையை மிஞ்சும்.

இது பொதுவான நலமுடையவர்களுக்கான கணக்கு. ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் மாசு மிகுந்த நாட்களில் மருத்துவரின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும். எல்லோருமே பெருஞ்சாலையை விட்டு, அதற்கு இணையாகச் செல்லும் உள்தெருவைத் தேர்ந்தெடுத்தால் சுவாசிக்கும் மாசு கணிசமாகக் குறையும்.

12. என் பழைய வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அதை வைத்திருப்பது தவறா?

எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எப்போதாவது எடுக்கும் வண்டியைச் சரியாகப் பராமரித்து வைத்திருப்பதில் பெரிய தவறில்லை. நாள்தோறும் நெரிசலான தெருக்களில் ஓடும் பழைய டீசல் வண்டியோ, எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினோ என்றால் மாற்றிவிடுவதே நல்லது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகிறது. அது பழுதன்று, அந்த எஞ்சினின் அமைப்பே அப்படி.

புகையின் நிறம் பழுதைக் காட்டிக்கொடுக்கும். நீலநிறப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகவும் காற்று குறைவாகவும் போகிறது, பெரும்பாலும் காற்று வடிகட்டியிலோ எரிபொருள் செலுத்தும் பகுதியிலோ கோளாறு இருக்கும். டயரில் காற்றழுத்தம் சரியாக இருப்பதும், திடீர் வேகமும் திடீர் பிரேக்கும் இல்லாமல் ஓட்டுவதும் எந்த வண்டியிலும் எரிபொருளை மிச்சப்படுத்தும்.

13. மின்வாகனம் புகையை மின்நிலையத்துக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதானே?

நிலக்கரியால் மின்சாரம் எடுக்கப்படும் இடங்களில் இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டாம் கேள்விக்கான பதிலை இங்கே நினைவுகூர வேண்டும்: மக்கள் நெருங்கி வாழும் தெருவில் மூக்குயரத்தில் வெளிவரும் புகையும், தொலைவில் உயரமான புகைபோக்கியில் வெளிவரும் புகையும் ஒரே அளவில் மூச்சுக்குள் போவதில்லை. மேலும் மின்நிலையம் தூய்மையாக ஆக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்வாகனங்கள் எல்லாம் தாமாகவே தூய்மையடைகின்றன; பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மின்வாகனத்தாலும் தீராதது டயர் தேய்மானத் துகள். வண்டியின் எடை கூடக்கூட அது கூடும். பிரேக் துகளோ குறைகிறது, ஏனென்றால் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுகிறது. எனவே வாங்குபவர்கள் தேவைக்கு மிஞ்சிய பெரிய வண்டியை வாங்காமல் இருப்பதும், வாங்கிய பின் குறைவாக ஓட்டுவதும் முக்கியம்.

14. ஓசோன் நம்மைக் காக்கும் படலம் என்று படித்தோம். அதை ஏன் மாசு என்கிறீர்கள்?

வானில் மிக உயரத்தில் இருக்கும் ஓசோன், சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்துக் காக்கிறது. அதே வாயு நாம் சுவாசிக்கும் உயரத்தில் இருந்தால் நுரையீரலை அரிக்கிறது. இதை யாரும் நேரடியாக வெளியிடுவதில்லை. எரிபொருள் எரியும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயிண்ட், தின்னர் போன்றவற்றிலிருந்து எழும் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து உருவாகிறது. ஆகவே வெயில் கடுமையான நாட்களில் பெட்ரோலை மாலையில் நிரப்புங்கள். குழாய் தானாக நின்ற பிறகும் விளிம்புவரை நிரப்பச் சொல்லாதீர்கள். நீரில் கரையும் வகைப் பெயிண்டைத் தேர்ந்தெடுத்து, மிச்சமான தின்னர் டப்பாக்களை இறுக மூடிவையுங்கள்.

15. விளக்கை அணைத்தால் காற்று சுத்தமாகுமா?

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் இடங்களில் ஆகும், ஆனால் மெதுவாகவும் மறைமுகமாகவும். மின்நிலையத்திலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே சல்ஃபேட் துகள்களாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. விளக்கைவிட, அறையைக் குளிர்விப்பதும் சூடாக்குவதும் நீரைச் சூடாக்குவதும்தான் அதிக மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. கவனத்தை அங்கே வையுங்கள்.

16. உணவுக்கும் காற்று மாசுக்கும்கூடத் தொடர்பு இருக்கிறதாமே?

இருக்கிறது, பலரும் எதிர்பாராத அளவுக்கு. கால்நடைச் சாணத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் நைட்ரஜன் உரங்களிலிருந்தும் அம்மோனியா வாயு எழுகிறது. காற்றில் கலக்கும் அம்மோனியாவின் மிகப்பெரிய மூலம் வேளாண்மையே. அது தெருப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடும் மின்நிலையத்தின் கந்தக டை ஆக்சைடோடும் வினைபுரிந்து பிஎம் 2.5 துகள்களாக மாறுகிறது. உணவை வீணாக்காமல் இருப்பதும், இறைச்சி அதிகம் உண்பவர்கள் சிறிது குறைத்துக்கொள்வதும் இந்த வகையில் உதவும். வீட்டுத் தோட்டத்துக்கு அளவுக்கு மீறி யூரியா தூவாமல், இட்டதையும் மண்ணில் கலந்துவிட்டு நீர் பாய்ச்சுவது நல்லது.

17. வீட்டுக்குள் செடிகள் வைத்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்களே? மரம் நட்டால்?

செடிகளைப் பற்றிய இந்த நம்பிக்கைக்கு, 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு முக்கியக் காரணம். அது அடைத்த சிறு பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. வீடு அடைத்த பெட்டி அன்று; கதவிடுக்கு வழியாகவே காற்று மாறிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான மதிப்பாய்வு கணக்கிட்டது. அழகுக்காகச் செடிகளை வையுங்கள், ஆனால் அதை நம்பிச் சன்னலைத் திறக்காமல் இருக்காதீர்கள்.

மரங்கள் நிழல் தருகின்றன, வெப்பத்தைத் தணிக்கின்றன, துகள்களையும் ஓரளவு பிடிக்கின்றன. ஆனால் எரிவதை நிறுத்துவதற்கு அவை மாற்றாகா. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உள்ள குறுகிய தெருவில் அடர்ந்த மரக்கூரை, புகை மேலே போகவிடாமல் தடுப்பதும் உண்டு. அத்தகைய இடத்தில் சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே அடர்ந்த தாழ்ந்த வேலிச்செடிகளே சிறந்தவை.

18. ஏர் பியூரிஃபையரும் முகக்கவசமும் வாங்கினால் போதாதா?

இவை மாசிலிருந்து காக்கும் கருவிகளேயன்றி மாசைக் குறைப்பவை அல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், வாயுக்களைப் பிடிக்காது. ஓசோனை உண்டாக்கித் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். காரணம் 14ஆம் பதிலில் இருக்கிறது. முகக்கவசத்தில் என்95 வகை, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தினால் பயன் தரும். துணிக்கவசம் நுண்துகளைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. நோயாளிகளும் முதியவர்களும் இருக்கும் வீடுகளில் இவற்றுக்குச் செலவிடுவது தகும்.

19. குளிர்காலக் காலைகளில் மட்டும் காற்று ஏன் அவ்வளவு மோசமாகிறது? அந்நாட்களில் என்ன செய்வது?

வழக்கமாகத் தரையருகே உள்ள சூடான காற்று மேலெழுந்து புகையைக் கலைத்துவிடும். குளிர்ந்த, காற்றசைவற்ற இரவுகளில் தரை விரைவாகக் குளிர்வதால், தரையை ஒட்டிய குளிர்காற்றின்மீது சூடான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. புகையெல்லாம் அதற்கடியில் சிக்கிக்கொள்கிறது. வெயில் ஏறிய பிறகே மூடி கலைகிறது. அதே அளவு புகை அத்தகைய நாளில் அதிகக் கேடு செய்யும் என்பதால், எதையும் எரிக்காமல் இருப்பதற்கும், தள்ளிப்போடக்கூடிய வண்டிப் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்கும் அந்நாட்களே மிகவும் முக்கியமானவை. காற்றுத் தரக் குறியீட்டை அன்றாடம் பார்ப்பவர்கள், அது நாட்டுக்கு நாடு வெவ்வேறு முறையில் கணக்கிடப்படுகிறது என்பதை மனத்தில் கொண்டு, ஒரே மூலத்தின் எண்ணையே தொடர்ந்து பின்பற்றுவது நல்லது.

20. கார்பன் டை ஆக்சைடைக் குறைத்தால் காற்று மாசும் சேர்ந்தே குறைந்துவிடும் அல்லவா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் அன்று. நடப்பது, மின்சாரத்தைச் சேமிப்பது, உணவை வீணாக்காமல் இருப்பது ஆகியவை இரண்டையும் குறைக்கின்றன. ஆனால் கார்பன் டை ஆக்சைடு குறைவு என்பதற்காக ஐரோப்பிய நாடுகள் பலவும் டீசல் கார்களை ஊக்குவித்ததன் விளைவாக, அங்கே நகரத் தெருக்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு பெரும் சிக்கலாயிற்று. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக்காட்டும் மென்பொருளை ஏறத்தாழ 1.1 கோடி டீசல் வாகனங்களில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் பொருத்தியிருந்தது 2015இல் வெளிப்பட்டது. விறகின் நிலையும் இத்தகையதே: மரம் மீண்டும் வளரும்போது கார்பனை உறிஞ்சிக்கொள்ளும் என்ற கணக்கு, பக்கத்து வீட்டார் இன்று சுவாசிக்கும் புகைக்குப் பொருந்தாது. இரண்டும் முரண்படும்போது, மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் மூச்சுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

21. நான் எரிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் எரிக்கிறார். சண்டையில்லாமல் எப்படிச் சொல்வது?

தீ எரிந்துகொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள். அப்போது எது சொன்னாலும் குற்றச்சாட்டாகவே கேட்கும். வேறொரு நாளில், உங்கள் வீட்டில் யாருக்கு மூச்சுத்திணறல் வருகிறது, எந்த நேரத்தில் புகை உள்ளே வருகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். கூடவே ஒரு மாற்றையும் கொண்டுசெல்லுங்கள்: அவருடைய சருகை உங்கள் உரக்குழியில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், அல்லது குப்பை வண்டி வரும் நேரத்தைத் தெரிவியுங்கள். பலர் எரிப்பது பிடிவாதத்தால் அன்று, வேறு வழி தெரியாததால். பிளாஸ்டிக்கும் ரப்பரும் தொடர்ந்து எரிக்கப்பட்டால் மட்டும் முறைப்படி புகார் அளிக்கத் தயங்க வேண்டாம்.

22. தனிமனிதர் மாற வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தால், அரசுகளும் நிறுவனங்களும் தப்பித்துக்கொள்ளாதா?

அந்த ஆபத்து உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. பெட்ரோலில் கலந்த ஈயத்தை எந்த ஓட்டுநராலும் தன் விருப்பத்தால் அகற்றியிருக்க முடியாது. நாடு நாடாகத் தடை வந்த பிறகு, கடைசியாக 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியபோதுதான் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகிலிருந்து ஒழிந்தது. ஆனால் 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த புகைமூட்டத்தில், வீட்டுக் கணப்புகளுக்கும் பெரும் பங்கு இருந்தது. அதையடுத்து 1956இல் வந்த தூய காற்றுச் சட்டம், தொழிற்சாலைகளோடு வீட்டுப் புகைபோக்கிகளையும் கட்டுப்படுத்தியது. அதோடு நில்லாமல், கணப்பை மாற்றிக்கொள்ளும் வீட்டாருக்கு நிதியுதவிக்கும் வழி செய்தது.

எனவே நம் பகுதியில் எது நமக்கு இயலும், எது இயலாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குப்பையை எரிக்காமல் பிரித்துவைப்பது நம் கையில் இருக்கிறது. அதை எடுத்துச்செல்லும் வண்டி உள்ளாட்சியின் கையில். நடப்பது நம் கையில். நடைபாதையும் நேரத்துக்கு வரும் பேருந்தும் அவர்கள் கையில். விறகை விடுவது குடும்பத்தின் கையில். அதற்கு மாற்றான எரிபொருள் எட்டும் விலையில் கிடைப்பது அரசின் கையில். முதலாவதைச் செய்யத் தொடங்கியவுடனேயே, இரண்டாவது எங்கே விடுபட்டிருக்கிறது என்று நேரில் தெரிந்துவிடும். அதை இடம், நேரம் குறிப்பிட்டு, படத்தோடு எழுத்தில் கேளுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் கையொப்பம் வாங்கி அனுப்புங்கள்.